இரண்டாம் கட்டளை எது?

உருவம் செய்து வணங்குவதை விடுதலைப் பயணம் 20ஆம் அதிகாரமும் இணைச்சட்டம் 5ஆம் அதிகாரமும் தடை செய்கின்றன. கட்டளைகள் பத்து என்று கூறும் விவிலியம், எது எத்தனையாவது என்று எண்ணிட்டுக் காட்டவில்லை. திருச்சபைகள் வேறுபட்டது இங்கேதான்.

வேற்றுத் தெய்வ வழிபாட்டுத் தடையையும் உருவத் தடையையும் அகுஸ்தீன் ஒரே கட்டளையாகக் கொண்டார். எண்ணிக்கை குறையாதிருக்க, பிறர் மனைவியை விரும்புதலும் பிறர் உடைமையை விரும்புதலும் தனித்தனிக் கட்டளைகளாயின. கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் இம்முறையைப் பின்பற்றினர். கீழைத் திருச்சபையும் கால்வின் வழிவந்த சபைகளும் உருவத் தடையைத் தனித்த இரண்டாம் கட்டளையாக எண்ணின.

சீர்திருத்தக் காலத்தில் இவ்வேறுபாடு கூர்மையடைந்தது. 1522 தொடக்கத்தில் கார்ல்ஸ்டாட், படங்களை அகற்றுமாறு விட்டன்பர்க்கில் நூல் எழுதினார். மார்ச்சில் அங்குத் திரும்பிய லூத்தர், வன்முறையால் படங்களை அகற்றுவதை எதிர்த்து, முதலில் உள்ளம் மாறவேண்டும் என்று போதித்தார். 1529இல் வெளிவந்த அவருடைய சிறிய ஞானோபதேசத்தில் உருவத் தடை தனிக் கட்டளையாக இல்லை. சூரிச்சிலோ 1524 கோடையில், நகர மன்றத்தின் ஆணைப்படி, ஆலயக் கதவுகளை அடைத்துக்கொண்டு கைவினைஞர் சிலைகளை அகற்றினர்.

ஆயினும் எண்ணும் முறை மட்டுமே வழிபாட்டைத் தீர்மானித்துவிடவில்லை. உருவத் தடையைத் தனியே எண்ணும் கீழைத் திருச்சபை திருவோவியங்களைப் போற்றுகிறது. இறைவனுக்கே உரிய ஆராதனை வேறு, திருவோவியத்துக்குச் செய்யும் வணக்கம் வேறு என 787இல் கூடிய நிசேயாப் பொதுச்சங்கம் பிரித்துரைத்தது. ஆகவே பூசலின் வேர் ‘வணங்குதல்’ என்னும் சொல்லின் பொருளிலேயே இருக்கிறது. எண் அப்பொருளுக்கு அழுத்தம் கூட்டியது அல்லது குறைத்தது, அவ்வளவே.