தரவுப் பிரதியாக்கம்

முதன்மைச் சேமிப்பகத்தில் எழுதப்படும் தரவை வேறோர் இடத்திலுள்ள துணைச் சேமிப்பகத்திலும் உடனுக்குடனோ சற்றுப் பிந்தியோ எழுதி, இரண்டையும் ஒத்த நிலையில் வைத்திருக்கும் ஏற்பாடு தரவுப் பிரதியாக்கம் எனப்படும். துறையினர் இதை ரெப்ளிகேஷன் என்பர். தீ, வெள்ளம், மின்தடை, கருவிக் கோளாறு ஆகியவற்றால் முதன்மை மையம் முடங்கினால் துணை மையத்திலிருந்து பணியைத் தொடர்வதே இதன் நோக்கம். பெரிய சேமிப்பகக் கருவிகளுக்கான இவ்வசதியை இஎம்சி நிறுவனம் 1994இல் எஸ்ஆர்டிஎஃப் என்ற பெயரில் கொண்டுவந்தது. சாதாரண லினக்ஸ் சர்வர்களிலேயே இதைச் செய்யும் டிஆர்பிடி மென்பொருள் 2010இல் லினக்ஸ் கெர்னலில் சேர்க்கப்பட்டது. ஆக, நகலெடுக்கும் நுட்பத்துக்கு இன்று பஞ்சமில்லை. இணைப்பு அறுந்த நேரத்தில் எந்தப் பக்கம் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்து வைப்பதுதான் கடினம்.

தொலைவும் தாமதமும்

ஒத்திசைவு முறையில் இரு சேமிப்பகங்களிலும் தரவு பதிவான பிறகே 'எழுதியாயிற்று' என்ற பதில் சர்வருக்குப் போகும். முதன்மை மையம் எந்தக் கணத்தில் வீழ்ந்தாலும், ஒப்புக்கொள்ளப்பட்ட தரவு தொலையாது. அதற்கு ஈடாக ஒவ்வொரு எழுத்தும் தாமதமாகும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கி.மீ. செல்கிறது, 100 கி.மீ. தொலைவுக்குப் போய்த் திரும்ப 1 மில்லிநொடி பிடிக்கும். ஃபிளாஷ் சேமிப்பகம் அதைவிடக் குறைந்த நேரத்தில் எழுதி முடித்துவிடும் என்பதால் இது பெரிய சுமை. மும்பைக்கும் சென்னைக்கும் இடையே நேர்கோட்டிலேயே 1,000 கி.மீ.க்கு மேல் உள்ளது. எவ்வளவு செலவழித்தாலும் அங்கே 10 மில்லிநொடிக்குக் கீழே இறங்க முடியாது.

எனவே நெடுந்தொலைவுக்கு ஒத்திசைவற்ற முறையே கையாளப்படுகிறது. சர்வருக்கு உடனே பதில் போய்விடும். தரவு பின்னால் வரும். அந்தப் பின்தங்கலை 'லேக்' என்பர். பேரிடரின்போது எவ்வளவு நேரத் தரவை இழக்கலாம் என்ற வரம்பு ஆர்பிஓ. எவ்வளவு நேரத்துக்குள் பணி மீள வேண்டும் என்ற வரம்பு ஆர்டிஓ. இந்தியப் பங்குச் சந்தைகளுக்கு இரு முறைகளையும் இணைத்த அமைப்பை, அவற்றை ஒழுங்குபடுத்தும் வாரியமான செபி விதித்துள்ளது. தரவு சிறிதும் இழக்கப்படாதிருக்க அருகிலேயே ஒரு மையம். வேறு நிலநடுக்க மண்டலத்தில், அது இயலாவிட்டால் 500 கி.மீ.க்குக் குறையாத தொலைவில், ஒரு பேரிடர் மீட்பு மையம். தேசியப் பங்குச் சந்தையின் முதன்மை மையம் மும்பையிலும் பேரிடர் மீட்பு மையம் சென்னையிலும் உள்ளன.

எழுத்து வரிசை

தரவுத்தளம் முதலில் பதிவேட்டிலும் பிறகு தரவுக் கோப்பிலும் எழுதும். துணை மையத்தில் இவ்வரிசை மாறினால் அங்குள்ள தரவுத்தளம் திறக்காமலே போகலாம். ஆகவே தொடர்புடைய எல்லா வட்டுகளும் ஒரே குழுவாகக் கட்டப்பட்டு, ஒரே கணத்தின் நிலையில் நகர்த்தப்படுகின்றன.

இதில் பலரும் கவனிக்காத ஓர் இடம் உண்டு. இணைப்பு நெடுநேரம் அறுந்திருந்தால், மாறிய தொகுதிகள் எவை என்பது மட்டுமே குறித்துவைக்கப்படும். மாறிய வரிசை தெரியாது. இணைப்பு மீண்டதும் அத்தொகுதிகள் வரிசையின்றி அனுப்பப்படுவதால், ஒத்திசைவு முடியும்வரை துணைப் பிரதி பழையதும் புதியதும் கலந்து, எதற்கும் உதவாத நிலையில் இருக்கும். அந்நேரத்தில் முதன்மை மையமும் வீழ்ந்தால் இரண்டும் போயிற்று. இதனால்தான் மறு ஒத்திசைவைத் தொடங்குமுன் துணைப் பக்கத்தில் ஒரு ஸ்னாப்ஷாட் (அக்கணத்தின் நிலையை உறையவைத்த நகல்) எடுத்துவைப்பது நல்ல நடைமுறை.

இணைப்பு அறும்போது

ஒத்திசைவு முறையில் துணை மையத்திடமிருந்து பதில் வராவிட்டால் முதன்மைக்கு இரண்டே வழிகள்: எழுதுவதையே நிறுத்திவிடலாம், அல்லது பிரதியின்றித் தனியே தொடரலாம். எஸ்ஆர்டிஎஃப்-இல் நிறுத்தும் முறைக்கு 'டாமினோ' என்று பெயர். பெரும்பாலான நிறுவனங்கள் தனியே தொடர்வதையே தேர்ந்தெடுக்கின்றன. தேர்வு சரியாக இருந்தும் கருவி அதன்படி நடக்காமல் போகலாம் என்பதற்கு 2021 பிப்ரவரி 24 சான்று. அன்று காலை 11.40க்குத் தேசியப் பங்குச் சந்தையின் வணிகம் நின்றது. சாலையோரத் தோண்டுதலால் முதன்மை மையத்துக்கும் அருகு மையத்துக்கும் இடையிலான தொலைத்தொடர்பு இணைப்புகள் தடுமாறின. இணைப்பு போனாலும் இயங்கியிருக்க வேண்டிய முதன்மைச் சேமிப்பகம் சர்வர்களுக்குக் கிட்டாமல் போனது என்று சந்தை பின்னர் விளக்கியது. இடர் மேலாண்மை அமைப்பு முடங்கியதால் வணிகத்தைத் தொடர வழியில்லை. சென்னைக்கு மாற்றாமலே, பிற்பகல் 3.45க்கு வணிகம் மீண்டது. அடுத்த மாதமே செபி ஆர்டிஓவை 45 நிமிடமாகவும் ஆர்பிஓவை 15 நிமிடமாகவும் குறைத்தது.

இதற்கு நேர்மாறான ஆபத்து, இரு மையங்களும் தம்மையே முதன்மை என்று கருதி எழுதத் தொடங்குவது. பின்னர் எந்தத் தரவு சரி என்று பிரிப்பது ஏறக்குறைய இயலாது. அதைத் தவிர்க்க மூன்றாம் இடத்தில் சிறிய சாட்சிக் கணினி ஒன்று வைக்கப்படுகிறது. அதனுடன் தொடர்புள்ள பக்கமே எழுத அனுமதி பெறும்.

காப்பு நகலும் பிரதியும்

தவறாக அழித்த கோப்பும், பணயத் தீநிரல் பூட்டிய கோப்பும் அதே வேகத்தில் துணைப் பிரதிக்கும் சென்றுவிடும். எனவே பிரதியாக்கம் இருக்கிறது என்று காப்பு நகலைக் கைவிட முடியாது. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்து நிர்வகிக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் துணைத் தரவுத்தளம் பின்தங்கிப் பிரதியாக்கம் நின்றது. அதைப் புதிதாகத் தொடங்க, துணைச் சர்வரின் தரவை அழிக்க முனைந்த பொறியாளர் கட்டளையை முதன்மைச் சர்வரில் இயக்கிவிட்டார். துணையில் ஏற்கெனவே ஒன்றும் இல்லை. வழக்கமான காப்பு நகலும் எவருக்கும் தெரியாமல் தோல்வியடைந்து வந்திருந்தது. சுமார் ஆறு மணிநேரம் முன்பு எடுத்த ஸ்னாப்ஷாட் ஒன்றிலிருந்தே தளம் மீட்கப்பட்டது.

ஒத்திகை

மாறிச் செல்வதைவிடத் திரும்பி வருவது சிக்கலானது: பிரதியாக்கத்தின் திசையைத் திருப்பி, இடையில் எழுதப்பட்டவற்றைப் பழைய முதன்மைக்குக் கொண்டுசேர்த்த பிறகே பணியை அங்கே மாற்றலாம். இதை ஏட்டளவில் வைத்துக்கொள்ளாமல் நடத்திப் பார்க்கும் வழக்கம் பெருகிவருகிறது. 2024 மார்ச் 2, சனிக்கிழமை, தேசியப் பங்குச் சந்தையும் மும்பைப் பங்குச் சந்தையும் சிறப்பு வணிகம் நடத்தின. முதல் கட்டம் முதன்மை மையத்திலிருந்தும் அடுத்த கட்டம் பேரிடர் மீட்பு மையத்திலிருந்தும் இயங்கியது.