தலைக்கணக்கும் தென்துருவமும்

என்.எஸ்.எஸ்., என்.சி.சி. முகாம்களுக்குப் போய் வந்த நம் கல்லூரி நண்பர்களுக்கு இது நன்றாகவே தெரியும். சமையல் பொறுப்பை ஏற்றவர் முதலில் கேட்கும் கேள்வி, "மொத்தம் எத்தனை பேர்?" என்பதுதான். அரிசி, பருப்பு, விறகு எல்லாம் அந்தத் தலைக்கணக்கில் அடக்கம். கடைசி நேரத்தில் ஒருவர் கூடிவிட்டால், "ரசத்துல ஒரு சொம்பு தண்ணி ஊத்திக்கலாம்"னு சமாளித்து விடுவோம். கடைவீதி பக்கத்தில் இருக்கும்வரை அது நடக்கும். கடையே இல்லாத இடத்தில்?

1911 நவம்பர் 1-ம் தேதி, ஆங்கிலேயக் கப்பற்படை அதிகாரி ராபர்ட் ஸ்காட் அண்டார்டிகாவின் கேப் எவான்ஸ் முகாமிலிருந்து தென்துருவம் நோக்கிப் புறப்பட்டார். சாப்பாட்டு விஷயத்தில் அவர் அலட்சியமாக இருந்தவர் அல்ல. அதே ஆண்டின் குளிர்காலத்தில் வில்சன், பவர்ஸ், செர்ரி-கரார்ட் ஆகிய மூவரும் ஒரு பயணம் போய், எந்த உணவு எந்த அளவில் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது என்று தங்கள் மேலேயே பரிசோதித்துப் பார்த்தார்கள். அதன் பிறகுதான் அளவு முடிவானது. ஆளுக்கு ஒரு நாளைக்கு பிஸ்கட் 450 கிராம், பெமிக்கன் 340 கிராம், சர்க்கரை 85 கிராம், வெண்ணெய் 57 கிராம், கொஞ்சம் கோகோ, தேயிலை. பெமிக்கன் என்பது காயவைத்த இறைச்சியைப் பொடித்துக் கொழுப்போடு கலந்த கட்டி. நம்ம ஊர் உப்புக்கண்டத்துக்கு தூரத்து உறவு! அதை வெந்நீரில் கரைத்து, பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டால் ஒருவேளைக் கஞ்சி தயார்.

எல்லாமே நாலு பேர் கணக்கு. ஒரு கூடாரத்துக்கு நாலு பேர். ஒரு மூட்டை நாலு பேருக்கு ஒரு வாரம். ஆனால் 1912 ஜனவரி தொடக்கத்தில், கடைசி உதவிக் குழுவைத் திருப்பி அனுப்பும்போது, ஸ்காட் பவர்ஸையும் தன்னோடு சேர்த்துக் கொண்டார். நாலு ஐந்தாயிற்று, திரும்பியவர்கள் மூன்று பேர். வழியில் வைத்திருந்த மூட்டைகளை அவர்கள் பிரித்துப் பங்கு எடுக்க வேண்டியதாயிற்று. ஐந்து பேருக்குச் சமைக்க நாளொன்றுக்கு அரைமணி நேரம் கூடுதலாகிறது என்று மறுநாளே ஸ்காட் டைரியில் எழுதினார். நேரம் கூடினால் எண்ணெயும் கூடும். அங்கே குடிதண்ணீரே பனிக்கட்டியை ஸ்டவ்வில் உருக்கித்தான்!

நார்வேக்காரர் அமுண்ட்சென் செய்தது நேர் எதிர். எட்டுப் பேராகக் கிளம்பத் திட்டமிட்டவர், கடைசியில் ஐந்து பேராகக் குறைத்துக் கொண்டார். நாய்கள் வண்டி இழுத்தன. குளிர்காலம் முழுக்க சீல் இறைச்சி சாப்பிட்டதால் ஸ்கர்வி நோயும் அண்டவில்லை. 1911 டிசம்பர் 14-ல் துருவத்தை அடைந்து, ஐவரும் பத்திரமாகத் திரும்பினார்கள்.

ஸ்காட் 1912 ஜனவரி 17-ல் போய்ச் சேர்ந்தார். திரும்பும் வழியில் டெப்போக்களில் எண்ணெய் டின்களைத் திறந்தால் அளவு குறைந்திருந்தது. மூடியின் தோல் வாஷர் வழியாகக் கசிந்து போயிருந்தது. முதலில் எட்கர் எவான்ஸ், பிறகு ஓட்ஸ் இறந்தார்கள். மிஞ்சிய மூவரிடம் மார்ச் 20-ம் தேதி இருந்தது ஆளுக்கு இரண்டு கோப்பை டீ போடும் எண்ணெயும் இரண்டு நாள் உணவும்தான். அடுத்த பெரிய டெப்போ சுமார் 20 கிலோமீட்டர். பனிப்புயல் விடவில்லை. நவம்பரில்தான் அவர்கள் உடல்கள் கிடைத்தன.

ஐந்தாவது ஆள்தான் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. கடுங்குளிர், தாங்களே வண்டி இழுத்த உழைப்பு, வைட்டமின் சி இல்லாத உணவு எல்லாம் சேர்ந்தே கொன்றன. அந்த உணவு தந்தது சுமார் 4,500 கலோரி. அந்த உழைப்புக்கு 6,000-க்கு மேல் வேண்டும் என்பது இன்றைய கணக்கு. வைட்டமின் என்ற சொல்லே 1912-ல்தான் பிறந்தது. அது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் தலைக்கணக்கு அவர் கையில் இருந்தது.

முகாமுக்குக் கிளம்பும் தம்பி தங்கைகளே! எத்தனை பேர் என்பதை மூட்டை கட்டுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். எண்ணெய் டின்னின் மூடியை ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். இரண்டு பேருக்கு உபரி எடுத்து வையுங்கள். மிஞ்சினால் ஊர்க் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டு வரலாம்.