மனை யாருடையது?



என் பழைய கணினிக்கு இனிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வராது, புதுசு வாங்கிவிடுங்கள் என்றார் கடைக்காரர். பென்ஷனில் அதெல்லாம் நடக்குமா? நம் பழைய மாணவன் ஒருவன் வந்து லினக்ஸ் போட்டு, கே.டி.இ. என்ற திரைச்சூழலையும் அமைத்துக் கொடுத்தான். "எவ்வளவுப்பா?" என்றேன். "இதுக்கு விலையே கிடையாது சார்" என்றான். யார், எதற்காகச் சும்மா தருகிறார்கள்? சமூக அறிவியல் நடத்திய புத்தி சும்மா இருக்குமா, தேடிப் படித்தேன்.

1990-களில் யுனிக்ஸ் கணினிகளுக்கு சி.டி.இ. என்ற திரைச்சூழல் இருந்தது. எச்.பி., ஐ.பி.எம்., சன் போன்ற பெரிய நிறுவனங்கள் சேர்ந்து செய்தது. காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். லினக்ஸ் இலவசம்தான். ஆனால் அதன் திரையில் ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஜெர்மனியில் டூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிக், சாதாரண மக்களும் புழங்கக்கூடிய ஒரு சூழலைச் சேர்ந்து செய்வோம் என்று 1996 அக்டோபர் 14 அன்று இணையத்தில் அழைப்பு விடுத்தார். பலர் கைகோத்தார்கள். 1998 ஜூலையில் கே.டி.இ.யின் முதல் பதிப்பு வந்தது.

அதில் ஒரு சிக்கல். கே.டி.இ. எழுந்து நின்றது 'க்யூடி' என்ற நிரல் தொகுப்பின் மேல். அது டிரால்டெக் என்ற நார்வே நிறுவனத்தின் சொத்து. காசில்லாமல் பயன்படுத்தலாம், திருத்தி வெளியிட உரிமை இல்லை. வீடு நம்முடையது, மனை அடுத்தவருடையது. கோயில் அடிமனையில் வீடு கட்டியவர்களுக்கு இந்தக் கவலை சொல்லாமலே புரியும்.

இது சரிப்படாது என்று மெக்சிகோவைச் சேர்ந்த மிகேல் தெ இகாசாவும் ஃபெதெரிகோ மேனாவும் 1997 ஆகஸ்டில் 'க்னோம்' என்ற வேறொரு சூழலைத் தொடங்கினார்கள். இரு தரப்புக்கும் பல வருடம் வாக்குவாதம். அது வீண் போகவில்லை. 2000-இல் டிரால்டெக் க்யூடியை ஜி.பி.எல். என்ற கட்டற்ற உரிமத்தின் கீழும் வெளியிட்டது. விலைக்கு விற்ற அந்த சி.டி.இ.கூட 2012-இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது!

அரசு தந்த மடிக்கணினியில் 'பாஸ்' லினக்ஸைப் பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். சென்னை சி-டாக் உருவாக்கிய அதன் திரையும் அப்போது க்னோமாகத்தான் இருந்தது.

இலவசம் வேறு, உரிமை வேறு. அடுத்த முறை ஏதாவது சும்மா கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மனை யாருடையது என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பழைய கணினி வீட்டில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் சார்