தானே உடுத்திக்கொள்ளும் உடை

கல்கத்தாவின் ஜொராசாங்கோ தாகூர் குடும்பத்து மருமகள் ஞானதாநந்தினி தேவி 1864இல் பம்பாய்க்குப் புறப்பட வேண்டியிருந்தது. கணவர் சத்யேந்திரநாத் தாகூர், ஐ.சி.எஸ். தேர்வில் வென்ற முதல் இந்தியர். பணியிடம் பம்பாய் மாகாணம். பயணத்துக்கு முன் எழுந்த சிக்கல் எளிமையானது, ஆனால் பெரியது: எதை உடுத்திக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறுவது?

அக்கால வங்க உயர்குடிப் பெண்களின் உடை பெரும்பாலும் ஒற்றைப் புடவைதான். இரவிக்கையும் உள்பாவாடையும் வழக்கில் இல்லை. அந்தப்புர வாழ்க்கைக்கு அது போதும். ஆனால் கப்பலேறவும் அயலார்முன் நிற்கவும் அந்த மெல்லிய துணி இடம் தரவில்லை. எனவே பிரெஞ்சுத் தையற்கடை ஒன்றில் ‘கீழைநாட்டு உடை’ என்ற பெயரில் ஓர் ஆடை தைக்கப்பட்டது. அதைத் தனியே உடுத்திக்கொள்ள அவரால் இயலவில்லை. கணவர் உதவ வேண்டியிருந்தது. வெளியுலகுக்காகத் தைத்த உடையே இன்னொருவர் கையை எதிர்பார்க்க வைத்தது.

தீர்வு பம்பாயில் கிடைத்தது. அங்கு அவர்கள் மானெக்ஜி கர்செட்ஜி என்ற பார்சிப் பெரியவரின் இல்லத்தில் தங்கினர். பார்சிப் பெண்கள் தைத்த மேற்சட்டையுடன் புடவை உடுத்தி வெளியில் நடமாடினர். ஞானதாநந்தினி அம்முறையைக் கற்றுக்கொண்டு, அதில் ஒரு மாற்றமும் செய்தார். பார்சி வழக்கில் முந்தானை வலத்தோளில் விழும். அவர் அதை இடத்தோளுக்கு மாற்றினார். வலக்கை வேலைக்குத் தடையின்றி இருக்க வேண்டும் என்பதே காரணம் என்பர். புடவையோடு இரவிக்கை, உள்பாவாடை, காலணி ஆகியவையும் சேர்ந்தன. கல்கத்தா திரும்பியபின் இதைக் கற்றுத்தர முன்வந்து ‘பாமாபோதினி’ இதழில் விளம்பரமும் செய்தார். பிரம்ம சமாஜக் குடும்பங்களில் பரவிய அக்கட்டு ‘பிரம்மிகா புடவை’ எனப் பெயர் பெற்றது.

இங்கு ஒரு முரண் உண்டு. ஒற்றைத் துணி இருந்த இடத்தில் மூன்று நான்கு துணிகள் வந்தன. எண்ணிக்கையில் பார்த்தால் இது எளிமையாக்கம் அன்று. ஆனால் காலையில் பிறர் துணையின்றி உடுத்தி, நாள் முழுதும் சரிசெய்து கொண்டிராமல், நடக்கவும் எழுதவும் பேசவும் இயன்றது. உடையின் எளிமையை அலமாரியில் உள்ள துணிகளை எண்ணி அறிய முடியாது. உடுத்தியவரின் கவனத்தை அது எவ்வளவு கேட்கிறது என்பதே அளவுகோல். 1877இல் கணவர் உடன்வராமல், குழந்தைகளை அழைத்துக்கொண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர் அவர் என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எனினும் இது ஒரு வர்க்கத்தின் விடை. தையற்கூலி கொடுக்க இயன்றவர்களுக்கே அது எட்டியது. வயலில் நாற்று நட்ட பெண்ணோ தன் சிக்கலை எந்த விளம்பரமும் இன்றி முன்பே தீர்த்திருந்தாள்: புடவையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். தமிழகத்திலும் பிற பகுதிகளிலும் கால்களுக்கிடையே கொசுவத்தைக் கொடுத்துக் கட்டிய நீண்ட புடவைக்கு உள்பாவாடை தேவைப்படவில்லை. இன்றைய ஆறு கஜக் கட்டுக்கு ஊற்றுகள் பல. தாகூர் வீட்டு மருமகள் அவற்றுள் ஒருவர் மட்டுமே.

அந்த மாற்றத்தின் தடயம் மொழியில் இன்னும் இருக்கிறது. வங்காளத்தில் உள்பாவாடைக்கு வழங்கும் ‘சாயா’ போர்த்துக்கீசியச் சொல். தமிழில் ‘இரவிக்கை’ இருந்தும் தையற்கடையில் கேட்பது ‘ஜாக்கெட்’. புடவைக்குச் சொந்தப் பெயர் நிலைத்தது. அதை வெளியுலகுக்குக் கொண்டுசென்ற துணைகளின் பெயர்களில் இரவல் கலந்தது. வீட்டுக்குள் இருந்த உடைக்கு வீட்டுச் சொல் போதுமானதாக இருந்தது. வாசலைத் தாண்டியபோது சொல்லும் துணியும் சேர்ந்தே வந்தன.