தூண்டிலுக்கும் சட்டம் உண்டு: கரையோர மீன்பிடி விதிகளின் கதை

தூண்டில் போடுவதற்கெல்லாம் சட்டமா என்று சிரிப்பவர்கள் உண்டு. ஒரு கோல், கொஞ்சம் நைலான் நரம்பு, ஒரு முள், ஒரு மண்புழு. இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை? ஆனால் இந்தியாவில் மீன் பிடிக்க விதி வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தவர்களில் ஒருவர், பொழுதுபோக்காகத் தூண்டில் போட்ட ஒரு மனிதர்தான்! அவரிடமிருந்து தொடங்கும் இந்தக் கதை வங்கக் கடல் வரை போய், கடைசியில் ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளின் வாசலுக்கு வந்து சேர்கிறது.

தூண்டில் பிடித்த கலெக்டர்

அவர் பெயர் ஹென்றி சல்லிவன் தாமஸ். சென்னை மாகாண சிவில் சர்வீஸ் அதிகாரி. தென் கன்னட மாவட்டத்தில் பணியாற்றியவர். 1873ல் இந்தியாவில் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி ஒரு புத்தகமும், 1887ல் ஏரி குளங்களில் தூண்டில் போடுவது பற்றி இன்னொரு புத்தகமும் எழுதினார். ஆற்றில் நஞ்சு கலந்து மீன் பிடிப்பதையும், பொடிக் கண்ணி வலைகளால் குஞ்சுகளை அள்ளுவதையும் அவர் கடுமையாக எதிர்த்தார்.

அதே காலத்தில் சென்னை ராணுவ மருத்துவரான பிரான்சிஸ் டே, இந்தியாவின் மீன்வள இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனார். நாட்டின் நன்னீர் மீன்வளம் பற்றி 1873ல் ஓர் அறிக்கை கொடுத்தார். வலைக்கண்ணிக்குக் குறைந்தபட்ச அளவு வேண்டும் என்பது அவருடைய முக்கியமான பரிந்துரை.

ஆனால் நாடு முழுவதற்குமான சட்டம் வர மேலும் 24 ஆண்டுகள் ஆயின.

1897: ஒரு லீக் கடல்

1897ல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. இது மிகச் சிறிய சட்டம். வெடி வைத்து மீன் பிடிக்கக் கூடாது. நஞ்சு, சுண்ணாம்பு போன்றவற்றைப் போட்டு மீன் பிடிக்கக் கூடாது. மீறினால் 2 மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம்.

வெடித் தடையைப் பொறுத்தவரை, 'நீர்' என்ற சொல்லுக்குள் கடலும் அடங்கும் என்றது சட்டம். ஆனால் கரையிலிருந்து ஒரு கடல் லீக் தூரம் வரை மட்டுமே. ஒரு லீக் என்றால் 3 கடல் மைல், அதாவது சுமார் 5.5 கிலோமீட்டர். நம் கரையோரக் கடலில் மீன்பிடிக்கு ஓர் எல்லைக்கோடு இப்படித்தான் விழுந்தது.

ஆக, முதல் விதி 'எப்படிப் பிடிக்கிறாய்' என்று மட்டுமே கேட்டது.

1983: எங்கே பிடிக்கிறாய்?

சுதந்திரத்துக்குப் பிறகு விசைப்படகுகளும் இழுவை மடிகளும் வந்தன. இறால் ஏற்றுமதி நல்ல காசு கொடுத்தது. இறால் அதிகம் கிடைப்பதோ கரையோரத்தில். கட்டுமரக்காரர்கள் காலம் காலமாகப் பிழைத்து வந்த இடமும் அதுதான். விசைப்படகு வந்து போனால் அவர்களுடைய வலை அறுந்தது, மீனும் போனது. 1970களில் கடற்கரை ஊர்களில் கைகலப்பும் படகு எரிப்பும் நடந்தன.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் 1983ம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது என்றது. 1897ன் அதே ஒரு லீக்! முன்பு வெடியைத் தடுத்த தூரம், இப்போது ஏழை மீனவரின் பங்கைக் காக்கும் வேலியானது. வணிகவியல் பாடத்தில் சொல்வது போல, எல்லோருக்கும் பொதுவான சொத்தில் முதல் அதிகம் உள்ளவன் முழுவதையும் அள்ளிவிடாமல் இருக்க ஒரு வரம்பு.

2001: எப்போது? எதை?

2001ல் தமிழகத்தில் 45 நாள் மீன்பிடி தடைக்காலம் நடைமுறைக்கு வந்தது. ஏப்ரல் 15 முதல் மே 29 வரை, மீன்கள் இனப்பெருக்கம் செய்ய விசைப்படகுகளுக்கு ஓய்வு. 2017 முதல் இது 61 நாளாகி, ஜூன் 14 வரை நீண்டது.

அதே 2001ல் 'எதைப் பிடிக்கிறாய்' என்ற கேள்வியும் வந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஜூலையில் எல்லா சுறா, திருக்கை இனங்களுக்கும் தடை வந்தது. மீனவர்கள் கொதித்தெழுந்தார்கள். டிசம்பரில் தடை 10 இனங்களோடு சுருங்கியது. பிழைப்பைக் கேட்காமல் போட்ட விதி நிற்காது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பொழுதுபோக்குத் தூண்டில்

கோவளத்திலோ முட்டுக்காட்டிலோ ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடுபவருக்கு இதில் என்ன இடம்? 1983 சட்டத்தின் கவனமெல்லாம் படகுகள் மீதுதான். தடைக்காலமும் விசைப்படகுகளுக்குத்தான். கரையில் நிற்பவரை அவை பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

அமெரிக்காவின் புளோரிடாவில் நிலைமையே வேறு. அங்கே பொழுதுபோக்குக்காகக் கடலில் தூண்டில் போட லைசென்ஸ், ஒரு நாளைக்கு இத்தனை மீன், இத்தனை அங்குல நீளம் என்று கணக்கு உண்டு. 1994ல் அங்கே ஓட்டெடுப்பு நடத்தி, கரையோரத்தில் செவுள்வலைகளையே தடை செய்தார்கள். அதற்கு முன்னின்று உழைத்தவர்கள் தூண்டில்காரர்கள். தொழிலை இழந்தவர்கள் வலைக்காரர்கள். தமிழ்நாட்டில் கரையோரக் கடல் வலை வீசிப் பிழைப்பவருக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே பொழுதுபோக்குக்காரருக்குப் போனது. விதி யாருக்காக எழுதப்படுகிறது என்பது எப்போதும் முக்கியம்.

மறந்துபோன சுண்ணாம்பு

இப்போது பாலாற்றுக்கு வருவோம். நந்தி மலையில் பிறந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாக ஓடி, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகில் கடலில் கலக்கும் ஆறு. (இப்போது மழை வெள்ளத்தில் மட்டும்தான் ஓட்டம்!)

1897 சட்டம் தடுத்த பொருள்களில் ஒன்று சுண்ணாம்பு அல்லவா? டேனரிகளில் தோலிலிருந்து முடியை நீக்கப் பயன்படுவதும் அதே சுண்ணாம்புதான். 1970களுக்குப் பிறகு குரோமியப் பதனிடலும் பெருகியது. ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: மீனைப் பிடிக்கும் அல்லது அழிக்கும் நோக்கத்தோடு கலந்தால்தான் குற்றம். டேனரிக்கு மீன் மேல் எந்த நோக்கமும் இல்லையே! குட்டையில் ஒரு கூடை சுண்ணாம்பு கொட்டி மீன் பிடித்தவன் சிறைக்குப் போகலாம். தோல் கழுவிய நீரை ஆற்றில் விட்டவரை அந்தச் சட்டம் தொடவில்லை.

1974ல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தும் பெரிய மாற்றம் இல்லை. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28ல் தீர்ப்பு வந்தது. தோல் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழானதாக அதில் பதிவாகியுள்ளது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதியானது. டேனரிக்காரரின் நோக்கம் என்ன என்று இங்கே யாரும் கேட்கவில்லை. விளைவுதான் கணக்கில் வந்தது. 2025 ஜனவரி 30லும் இதே பகுதி பற்றி, இழப்பீடு கொடுத்து அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது.

தோல் தொழில் இந்தப் பகுதியில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது என்பதையும் மறக்க முடியாது. அதே நியாயம் கட்டுமரக்காரருக்கும் உண்டு, கிணறு கெட்டுப்போன விவசாயிக்கும் உண்டு.

எப்படி, எங்கே, எப்போது, எதை என்று மீன் பிடிப்பவரிடம் நூறு ஆண்டுக்கும் மேலாகக் கேள்வி மேல் கேள்வி கேட்டிருக்கிறோம். அவை தேவையான கேள்விகள்தான். ஆனால் மீனைத் தொடாமலேயே மீனை அழிப்பவரிடம் கேட்க 1996 வரை ஆனது. தூண்டில்காரருக்கு அளவு சொல்லும் முன், அவர் தூண்டில் போட நல்ல தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதுதானே முதல் விதியாக இருக்க வேண்டும்?