ஆற்றில் கரைத்த சாயம்

நிலாவரைக் கிணற்றில் எலுமிச்சம்பழம் போட்டால் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று யாழ்ப்பாணத்தில் சொல்வார்கள். போட்டுப் பார்த்தவர் யாரையும் நான் சந்தித்ததில்லை. ஜேர்மனியில் போட்டே பார்த்தார்கள், பழமல்ல, சாயம். டான்யூப் ஆறு இம்மெண்டிங்கன் ஊரருகே பாறைப் பிளவுகளுக்குள் இறங்கி மறைந்துவிடும். அந்தத் தண்ணீர் எங்கே போகிறதென்று அறிய 1877 இல் 10 கிலோ புளோரசீன் கரைத்து விட்டார்கள். இரண்டரை நாள் கழித்து, 12 கிலோமீட்டர் தள்ளி, ஆக் ஊற்று பச்சையாய் ஒளிர்ந்தது.

அப்போது சாயத்துக்கு வயது ஆறு. அடொல்ஃப் வொன் பேயர் 1871 இல் அதை உருவாக்கினார். துளி கலந்தாலே போதும். நீல ஒளி பட்டால் பச்சை மஞ்சளாய் மின்னும்.

கண்ணுக்குள் ஓடும் ஆற்றுக்கு அது வந்துசேர எண்பது வருடத்துக்கு மேலானது. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஹரோல்ட் நொவொட்னி, டேவிட் அல்விஸ் என்று இரண்டு மருத்துவ மாணவர்கள். சாயத்தை இரத்தத்தில் ஏற்றி விழித்திரையைப் படம் பிடிக்க நினைத்தார்கள். முதல் ஊசி யாருக்கு? காசைச் சுண்டினார்கள், அல்விஸ் கையை நீட்டினார். விழித்திரைக் குழாய்களில் சாயம் ஏறுவது வரிசையாய்ப் படத்தில் விழுந்தது. கண் மருத்துவ இதழொன்று அந்தக் கட்டுரையைத் திருப்பியனுப்பியது. 1961 இல் வெளியிட்டது ‘சர்குலேஷன்’, இரத்த ஓட்டம் பற்றிய இதழ். கண்ணைப் பார்ப்பவர்களுக்கு அன்று அது கண்ணில் படவில்லை!

இந்தச் சோதனைக்கு இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கண்மணி விரியச் சொட்டு மருந்து. நாடியைத் தாங்கியில் வைத்ததும் முழங்கை மடிப்பில் ஊசி. பத்துப் பன்னிரண்டு விநாடிக்குள் சாயம் இருதயத்தைச் சுற்றிக் கண்ணுக்கு வந்துவிடும். நீல வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடிக்கும். சிலருக்குக் குமட்டும். தோல் சில மணி நேரம் மஞ்சளடிக்கும், சிறுநீர் மறுநாள்வரை. விபரம் தெரியாத வீட்டார் செங்கமாரி என்று பதறுவதும் உண்டு.

படத்தில் சுகமான குழாய் சாயத்தை வெளியே விடாது. சீனி வருத்தம் அரித்த குழாயில் ஊசிமுனை அளவுப் புடைப்புகள் முதலில் மின்னும். பிறகு அவற்றைச் சுற்றி ஒளி பரவும், கசியும் குளக்கட்டில் ஈரம் படர்வதுபோல. கறுத்தே நிற்கும் திட்டுகள் இரத்தம் எட்டாத இடங்கள்.

இப்போது ஓசிடி ஆஞ்சியோகிராபி வந்துவிட்டது. ஊசியே இல்லாமல், இரத்த அணுக்களின் அசைவை வைத்துக் குழாய்களை வரைகிறது. ஆனால் கசிவைக் காட்ட அதனால் முடியாது. ஆகவே சாயத்துக்கு இன்னும் பென்ஷன் கிடைக்கவில்லை.

சீனி வருத்தம் கண்ணைத் தொட்டுவிட்டதா என்று முதலில் பார்க்க இந்த இரண்டுமே தேவையில்லை. சாதாரண வண்ணப் படம் போதும். அப்படி 128,175 படங்களைக் காட்டித்தான் கூகுள் ஆய்வாளர்கள் அதை அடையாளம் காணக் கணினியைப் பழக்கி, 2016 இல் முடிவை வெளியிட்டார்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா கொடுத்த படங்களும் அதில் சேர்த்தி.

தூரத்து ஊர்களை நினையுங்கள். இலங்கையில் றத்தோட்டையிலிருந்து றிவஸ்டன், இலுக்கும்புர என்று மலை ஏறி இறங்கினால் பல்லேகம. ஊசி, டொக்டர், ஒவ்வாமை வந்தால் அவசர மருந்து எல்லாம் கேட்கும் சாயத்தைவிட, வண்ணப் படம் எடுக்கும், பைக்குள் அடங்கும் கமெரா அந்தப் பாதையில் சுலபமாகப் போகும். முதலில் போகவேண்டியதும் அதுதான் என்பேன்.

விழித்திரைக் குழாய் கசிந்தால் வலிக்காது. சீனி வருத்தம் உள்ளவர்கள், பார்வை நன்றாக இருந்தாலும், வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையைப் படம் எடுத்துப் பாருங்கள்.