சேலையூர்க் காட்டில் ஒரு வேதியியல் பேராசிரியர்

தாம்பரத்தில் இறங்கி, கிழக்குப் பக்கமாக வெளியே வந்து, நம் கல்லூரி வாசலுக்குள் கால் வைத்ததும் "அப்பாடா, என்ன நிழல்!" என்று சொல்லாதவர் நம்மில் உண்டா? காடு தானாக வளர்ந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பாதிதான் உண்மை.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-இல்தான் ஜார்ஜ் டவுனிலிருந்து இங்கே குடிவந்தது. (மறைமலையடிகள் 1898 முதல் 1911 வரை தமிழ் போதித்தது அந்தப் பழைய இடத்தில். மறைமலை நகரில் ரயிலேறி வரும் தம்பி, தங்கைகள் கவனிக்க!) வந்து சேர்ந்த இடமோ முள்ளும் புதரும். அடியில் பல்லாவரம் மலையில் இருக்கிற அதே சார்னோக்கைட் பாறை. மேலே சரளை கலந்த செம்மண். கோடையில் செங்கல் மாதிரி இறுகும், ஐப்பசி மழையில் மேல்மண் ஓடிப்போகும். புல் விதையைத் தூவினால் எறும்புக்குத்தான் விருந்து.

இந்த மண்ணோடு மல்லுக்கு நின்றவர்கள் வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸும் அவர் துணைவியார் ஆலிஸும். பார்ன்ஸ் சோதனைக்குழாயோடு நின்றவர் அல்ல. மலை மலையாக ஏறிச் செடி தேடியவர். அரிசீமா பார்ன்ஸி, செரோபீஜியா பார்ன்ஸி என்ற இரு தாவரங்கள் அவர் பெயரைச் சுமக்கின்றன. இருந்த காட்டையும் விட்டுவைத்து, கன்றுகளையும் நட்டார்கள். முதலில் நிழல், பிறகு சருகு, சருகு மக்கிய பிறகே நல்ல மண்.

பார்ன்ஸ் 1941-இல் காலமானார். கன்றுகள் மரமானதை அவர் பார்க்கவில்லை.

விடுதி முன்னால் புல்தரை போட ஆசைப்படும் தம்பிகளே, சருகைக் கூட்டிக் கொளுத்தாதீங்க, மக்க விடுங்க. புரட்டாசிக் கடைசியில் வேரோடு கூடிய அருகம்புல் துண்டுகளை ஊன்றிப் பாருங்க.